பூச்சுக்கு அடியில் இருக்கும் ஈரம்

கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வீடு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் குனிந்து சுவரடியைப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா? ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறதா? அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம், பொறியாளரை அழையுங்கள். தூணில் துருக்கறை தெரிந்தால், உள்ளே கம்பி பருத்து கான்கிரீட்டைப் பிளக்கிறது. மேலே பூசினால் நிற்காது. உதிர்வதைக் கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, தேய்ந்த கம்பியோடு புதுக்கம்பி கட்டித்தான் மூட வேண்டும்.

நம்மில் சிலர் பெயின்ட் அடித்து விற்றுவிடுகிறோம். தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை ஏன் மேலே வைக்கவில்லை என்றுதான் வியாபாரியிடம் கேட்டார்கள். மழை அவர் குற்றமல்ல. உப்புக்காற்றும் உங்கள் குற்றமல்ல. முன்பணம் வாங்கியவர்கள், பத்திரம் பதியுமுன் வாங்குபவரை அழைத்துப்போய் விரிசலைக் காட்டுங்கள். விலை குறையும். குறையட்டும்.