சூரன் வராத மலை

ஐப்பசி வளர்பிறைச் சஷ்டியன்று மாலை, திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரன் தலை மாற்றி மாற்றி வந்து முருகனோடு மோதுகிறான். எத்தனையோ முருகன் கோயில்களில் அன்று இதே போர்தான். திருத்தணியில் சூரசம்ஹாரம் கிடையாது, புஷ்பாஞ்சலிதான். சூரனோடு பொருத சினமும், வள்ளிக்காக வேடர்களோடு பொருத சினமும் தணிந்து முருகன் அமர்ந்த மலை என்பது தலபுராணம். போர் முடிந்த இடத்தில் மறுபடி போர் எதற்கு என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் சற்று யோசித்தால் இது அவ்வளவு எளிதில் தீர்கிற விஷயம் இல்லை. நாயகன் ஒருவன், மாலைப்பொழுதும் ஒன்று. ஓரிடத்தில் போர் நடந்துகொண்டிருக்கிறது, இன்னோர் இடத்தில் அது என்றோ முடிந்துவிட்டது. முடிவில்லாமல் வளரும் ஒரு கதையில் ‘உண்மையில் நடந்தது எது’ என்று கேட்பதற்கு என்ன பொருள்? இதே கேள்வியோடு பல்லாண்டுகளாக மல்லுக்கட்டும் இன்னொரு கூட்டம் உண்டு: சூப்பர் ஹீரோ காமிக்ஸ் வாசகர்கள்.

1938-இல் தோன்றிய சூப்பர்மேனுக்கு இன்னும் நரைக்கவில்லை. 1992-இல் இறந்தார், மறு ஆண்டே திரும்பி வந்தார். ஸ்பைடர்மேனாகிய பீட்டர் பார்க்கர் 1987-இல் மேரி ஜேனை மணந்தார். 2007-இல் தொடங்கிய ஒரு கதையில், அத்தை மேயின் உயிரைக் காப்பதற்கு விலையாக அந்தத் திருமணமே நடக்காததாக ஆகிவிட்டது. கதைப்படி அதைச் செய்தது ஒரு பிசாசு. பிசாசு பெயருக்குத்தான், மணமாகிவிட்டால் நாயகனுக்கு வயது கூடிவிடுகிறது, இளமை போனவனை வைத்துத் தொடர் நடத்துவது கடினம் என்பது பதிப்பாளர் போட்ட கணக்கு. இத்தாலிய அறிஞர் உம்பர்த்தோ எக்கோ 1962-இலேயே இந்தச் சிக்கலைச் சுட்டிக்காட்டினார். செய்யும் ஒவ்வொரு செயலும் மனிதனைச் சாவுக்கு ஓர் அடி அருகில் கொண்டுபோகிறது. சூப்பர்மேனோ புராண நாயகனைப் போல மாறாமலும் இருக்க வேண்டும், நாவல் நாயகனைப் போலப் புதிதாக ஏதேனும் செய்துகொண்டும் இருக்க வேண்டும். இந்த இழுபறியைச் சரிக்கட்டும் வேலை வாசகர் தலையில் விழுகிறது. எந்த இதழ் கணக்கில் சேரும், எது சேராது, இது அதற்கு முன்னா பின்னா, எழுத்தாளர் சொல்லாமல் விட்ட காரணம் என்ன என்றெல்லாம் அவர் ஆராய்கிறார். நம் உரையாசிரியர்கள் செய்ததும் ஏறக்குறைய இதுதான். இதை இளக்காரமாகப் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் எல்லாம் ஒரே காலவரிசைக்குள் அடங்கியாக வேண்டும் என்று அவர் முன்கூட்டியே முடிவு செய்துகொள்கிறார். தொல்லை தொடங்குவது அங்கேதான்.

முருகன் கதையில் முரண்களுக்குப் பஞ்சமில்லை. வட நாட்டு மரபில் பெரும்பாலும் பிரம்மச்சாரி. இங்கே இரண்டு தேவியர். சுவாமிமலையில் தந்தைக்கே பிரணவப் பொருள் சொன்ன பிள்ளை, பழனியில் கோவணாண்டி, திருப்பரங்குன்றத்தில் தெய்வானையின் மணவாளன். இவற்றை வாழ்க்கை வரலாறாக அடுக்கினால் குழந்தைப் பருவம் முதலிலும், போர் நடுவிலும், திருமணங்கள் பிறகும் வரவேண்டும். நக்கீரரின் திருமுருகாற்றுப்படையோ போருக்குப் பின் மணம் நடந்த திருப்பரங்குன்றத்தில் தொடங்கி, அதன் பிறகே திருச்செந்தூருக்குப் போகிறது. நக்கீரருக்கு வரிசை தெரியாமல் இல்லை. அவர் காட்டுவது வழி, வரலாறு அல்ல. கதையின் ஒவ்வொரு நிலைக்கும் ஓர் ஊர் உண்டு. ஓர் ஊர் இன்னோர் ஊரைப் பொய்யாக்குவதில்லை. பழனிக்குப் போனவர் மறுவாரம் திருத்தணி வந்து, ஆண்டி எப்போது மணமகனானார் என்று குழம்புவதில்லை.

இதனால் புராணத்துக்குக் கிடைக்கும் ஆதாயம் பெரிது: அதன் நாயகனால் ஓய்வெடுக்க முடிகிறது. சூரபத்மன்கூட அழிந்துபோகவில்லை, கந்தபுராணத்தில் அவன் மயிலாகவும் சேவலாகவும் ஆகி, எதிர்த்தவனுக்கே வாகனமும் கொடியுமாகிறான். பேட்மேனுக்கு இந்த வாய்ப்பே இல்லை. 1940-இல் வந்த அவன் எதிரி ஜோக்கர் இன்றும் தப்பித்தபடியே இருக்கிறான். பேட்மேனின் காத்தம் நகரத்தில் அமைதி திரும்பினால் அடுத்த இதழில் அதைக் கலைத்தே ஆகவேண்டும், ஏனென்றால் இருப்பது ஒரே காலவரிசை. திருச்செந்தூரில் ஆண்டுதோறும் போர் நடப்பதற்காகத் திருத்தணி தன் அமைதியை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. காமிக்ஸ் நாயகர்களிடம் வலிமைக்குக் குறைவில்லை. அவர்களுக்கு வாய்க்காதது ஒரு திருத்தணி.

புராண அறிஞர்களும் காலவரிசையைத் தேடியவர்கள்தானே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். ஒரே நிகழ்ச்சியை இரு புராணங்கள் இருவிதமாகச் சொன்னால், அது வேறு கற்பத்தில், அதாவது வேறோர் ஊழியில், நடந்தது என்று கற்ப பேதம் காட்டுவது பழைய உத்தி. 1961-இல் ‘ஃபிளாஷ்’ இதழ் பழைய ஃபிளாஷையும் புதிய ஃபிளாஷையும் இரு வேறு பூமிகளில் வைத்ததும் அதே உத்திதான். காமிக்ஸின் பல அண்டங்கள் அதிலிருந்து பெருகி, 1985-இல் அவற்றையெல்லாம் ஒன்றாக்க ஒரு பெரிய தொடரே தேவைப்பட்டது. ஆனால் கற்ப பேதம் பண்டிதருக்குத்தான் தேவை. ஆடிக் கிருத்திகைக்கு எல்லை தாண்டி ஆந்திரத்திலிருந்து காவடி எடுத்து வருபவர் அதைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார். அதனால் அவர் வழிபாட்டில் ஒரு குறையும் வந்துவிடவில்லை.

இன்னும் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு. பக்தர் முருகனை நம்புகிறார். சூப்பர்மேன் கற்பனை என்பது வாசகருக்குத் தெரியும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா? வைக்கவில்லை. நம்பிக்கையின் ஆழம் வேறு, கதையைப் பொருள்கொள்ளும் முறை வேறு. சொல்லப்போனால் நம்புகிறவருக்குத்தான் முரண் அதிகமாக உறுத்த வேண்டும். அவரை அது உறுத்தவில்லை, கற்பனை என்று தெரிந்தவரைத்தான் உறுத்துகிறது. இதற்கு ஒரு விடை கைவசம் உண்டு: திருத்தணியில் பிறந்த தத்துவ அறிஞர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், ஆன்மிக அனுபவம் ஒன்று, அதற்குச் சொல்லப்படும் விளக்கங்கள் பல என்று வாதிட்டவர். எனக்கு அந்த வாதம் இங்கே முழுவதும் போதவில்லை. கதைகளை வெறும் விளக்கங்களாக்கி அடியில் உள்ள ஒன்றைத் தேடினால் பழனியும் திருத்தணியும் ஒன்றாகிவிடும். பக்தர் அவற்றை வேறாகவே வைத்திருக்கிறார்.

மூன்றாவது ஆட்சேபத்தில் நியாயம் அதிகம்: காமிக்ஸுக்கு உரிமையாளர் உண்டு, எது கணக்கில் சேரும் என்பதைப் பதிப்பகம்தானே தீர்மானிக்கிறது? 1986-இல் எழுத்தாளர் ஆலன் மூர் இரண்டு இதழ்களில் சூப்பர்மேனுக்கு ஒரு முடிவு எழுதினார். நாயகன் தன் ஆற்றலைத் துறந்து, வேறு பெயரில், காதலி லோயிஸோடு சாதாரணக் குடும்பஸ்தனாக வாழ்கிறான். சினம் தணிந்த சூப்பர்மேன். அதைக் கற்பனைக் கதை என்ற அடையாளத்தோடுதான் வெளியிட்டார்கள். சில மாதங்களில் ‘சூப்பர்மேன்’ இதழ் 1 என்ற எண்ணோடு மறுபடி தொடங்கியது. மூர் எழுதிய முடிவு கணக்கில் வராது என்று வாசகர்களும் ஒதுக்கிவைத்தார்கள். முருகனின் படைவீடுகளில் நக்கீரர் சொன்ன ஐந்தாம் இடமோ குன்றுதோறாடல். தனியொரு ஊரின் பெயரல்ல, முருகன் ஆடும் மலைகள் அனைத்துக்கும் பொது. பின்னால் வந்தவர்கள்தான் அந்த ஐந்தாம் படைவீட்டைத் திருத்தணியில் கண்டார்கள். அதற்கு அவர்கள் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை.