வீசாத குத்து

 

ஐயம்பேட்டைப் பக்கத்தில் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன். அவ்வீட்டின் மூத்த பிள்ளை, 2016-ல் மறைந்த குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி மீது தீராப் பிரியம் கொண்டவர். 1980-ல் அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் எம்.ஜி.ஆர். முன்னிலையில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியபோது, ரயிலேறிப் போய்ப் பார்த்து வந்தவர் அவருடைய பாட்டனார். பாட்டனார் வாயால் கேட்டதைப் பேரன் கைப்பேசியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பாடம் படிக்கிறார்.

"பாருங்க ஹஜ்ரத், கையைத் தாழ்த்தி வச்சிருக்கார். குத்து வரும்போது தலையை மட்டும் பின்னாலே எடுக்கிறார். கண்ணு எதிராளியை விட்டு நகரலே" என்று விளக்கினார்.

பிறகு 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசா நகரில் நடந்த போட்டியைக் காட்டினார். எதிரே நிற்பவர் ஜார்ஜ் ஃபோர்மன். அதுவரை 40 போட்டிகளில் தோல்வியே காணாதவர். அலி கயிற்றில் சாய்ந்து, முகத்தைக் கைகளால் மறைத்துக்கொண்டு, சுற்றுக்குச் சுற்று அடி வாங்குகிறார். அடித்தவர் களைத்துப் போகிறார். எட்டாம் சுற்றில் அலியின் கை பேசுகிறது. ஃபோர்மன் சரிகிறார். அந்த இடத்தில் பிள்ளை படத்தை நிறுத்தினார். அலியின் வலக்கை ஓங்கியபடியே இருக்கிறது. இன்னொரு குத்துக்கு இடமிருந்தது. விழுகிறவர் மீது அதை அவர் வீசவில்லை.

அப்போது கதவோரம் நின்ற தாயார் சொன்னார்: "இவ்வளவும் பார்த்த பிள்ளைதான் ஹஜ்ரத், போன வாரம் தண்ணி முறைத் தகராறுலே, வாமடையிலே வச்சுத் தம்பி மூஞ்சியிலே குத்திட்டான். ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லை."

பிள்ளை தலை குனிந்தார்.

சகோதரர்களே! மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவன் வீரனல்லன், கோபத்தின்போது தன்னை அடக்குபவனே வீரன் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். சண்டை மூண்டாலும் முகத்தில் அடிக்கலாகாது என்றும் தடுத்தார்கள். 1987-ல் மக்காவில் கூடிய ராபித்தாவின் ஃபிக்ஹு அவை குத்துச்சண்டை கூடாது என்று தீர்ப்பளித்ததும் நம் பிள்ளைகள் அறிய வேண்டியதே. ஆகவே அலியிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வீசிய குத்தை அன்று, வீசாத குத்தை.

அதிலும் அளவோடுதான் எடுக்க வேண்டும். கையை அடக்கிய அதே அலி, ஜோ ஃப்ரேசியரைக் குரங்கினத்தோடு ஒப்பிட்டு ஊரறிய ஏசினார். குத்தின் காயம் ஆறியது. சொல்லின் காயம் ஆண்டுக்கணக்கில் ஃப்ரேசியரின் நெஞ்சில் கிடந்தது. 2001-ல் அலி பத்திரிகை வாயிலாக வருத்தம் தெரிவித்தார். எவருடைய நாவினின்றும் கையினின்றும் பிறர் பத்திரமாக இருக்கிறார்களோ அவரே முஸ்லிம் என்ற நபிமொழியில் நாவும் கையும் சேர்ந்தே வருவதைக் கவனியுங்கள்.

கோபத்தை அடக்குவதும் பழக்கத்தால் வருவதே. நின்றிருந்தால் உட்காருங்கள், அப்படியும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளுங்கள், ஒளுச் செய்யுங்கள் என்று நமக்கு வழி காட்டப்பட்டிருக்கிறது. கயிற்றில் சாய்ந்து பொறுத்திருக்க அலி எத்தனை நாள் பயின்றிருப்பார்! தண்ணீர் முறை தவறும்போதும், சோறு ஆற நேரமாகும்போதும், குழந்தை பாத்திரத்தை உடைக்கும்போதும் நமக்குப் பயிற்சிக் களம் வீட்டிலேயே விரிகிறது. ஆற்று நீர் கடைமடை வரை போய்ச் சேர வேண்டுமானால் மேலே உள்ளவன் தன் மடையை நேரத்தில் அடைத்தாக வேண்டும். கோபமும் அப்படித்தான், அடைக்கத் தெரிந்தவன் வீட்டில்தான் எல்லோருக்கும் பங்கு கிடைக்கும்.

"மூன்று நாளுக்கு மேல் சகோதரனோடு பேசாதிருப்பது ஆகுமானதன்று, தம்பி. ஒரு வாரமாகிவிட்டதே" என்று மட்டும் அப்பிள்ளையிடம் சொன்னேன்.

மஃரிபு தொழுததும் அவர் தம்பியின் வீட்டுத் திண்ணைக்குப் போய் ஸலாம் சொன்னார். தம்பி பதில் ஸலாம் சொன்னார், முகம் கொடுக்கவில்லை. அண்ணன் திரும்ப ஏசவில்லை, பேசாமல் எழுந்து வந்தார். மறுநாள் தம் முறை வந்தபோது, தம் வாமடையை அடைத்துவிட்டுத் தம்பியின் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பினார். வரப்பில் நின்ற தம்பி, "நீங்க முதல்லே பாய்ச்சுங்க காக்கா" என்றாராம்.

ஓங்கிய கையை இறக்கும் வலிமையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.