அஷ்டாவக்கிரருக்குத் திறந்த வாயில்

மகாபாரதத்தின் வன பர்வத்தில் அஷ்டாவக்கிரரின் வரலாறு வருகிறது. கருவில் இருக்கும்போதே தந்தை கஹோடரின் வேத அத்யயனத்தில் குறை கண்டதால், தந்தையின் சாபத்திற்கு ஆளாகி, எட்டு இடங்களில் கோணிய உடலுடன் பிறந்தவர் அவர். கஹோடரோ மிதிலை சென்று, ஜனக மன்னரின் அவையில் வந்தி என்ற வாதியிடம் தோற்று, நீரில் மூழ்கடிக்கப்பட்டார். பன்னிரண்டு வயதில் இதனை அறிந்த மகன், வந்தியுடன் வாதம் புரிய மிதிலைக்குப் புறப்பட்டார்.

அரண்மனை வாயிலில் காவலன் தடுத்தான். கற்றறிந்த முதியோருக்கே உள்ளே அனுமதி, சிறுவர்களுக்கு இல்லை என்றான். நரையும் வயதும் ஒருவனை மூத்தவனாக்குவதில்லை, கல்வியே மூத்தவனாக்குகிறது என்று அஷ்டாவக்கிரர் விடையிறுத்தார். இறுதியில் மன்னர் அவரைச் சோதித்து, அவைக்குள் அனுமதித்தார். வந்தி தோற்றார். தந்தை மீண்டு வந்தார். அதன் பின்னரே, தந்தையின் சொற்படி சமங்கா நதியில் மூழ்கி எழுந்த அஷ்டாவக்கிரரின் உடல் நேரானது என்கிறது இதிகாசம்.

இந்த வரலாற்றில் நிகழ்ச்சிகள் அமைந்துள்ள வரிசை சிந்திக்கத் தக்கது. முதலில் அவை, பிறகுதான் நதி. ‘உன் உடல் நேராகட்டும், பின்னர் உள்ளே வா’ என்று ஜனகர் கூறவில்லை. கோணிய உடலுடன் நின்ற சிறுவனுக்கே வாயில் திறந்தது, அந்த உடலுடனேயே அவர் பேசினார், அவை கேட்டது.

உடற்குறையுள்ள குழந்தைகளிடம் உலகம் நெடுங்காலமாக இந்த வரிசையைத் தலைகீழாகவே கடைப்பிடித்து வந்துள்ளது. ‘முதலில் நட, பிறகு பள்ளிக்கு வா. முதலில் தெளிவாகப் பேசு, பிறகு உன் பேச்சைக் கேட்கிறோம்’ என்பதே அது விதித்த நிபந்தனை.

பழி சுமத்தும் கண்

இந்த நிபந்தனைக்குத் துணையாகச் சிலர் கர்மக் கோட்பாட்டையும் அழைத்துக்கொள்கின்றனர். ‘முற்பிறவியில் செய்த வினை’ என்ற ஒரு சொல்லால், ஏற்கெனவே சுமை தாங்கி நிற்கும் தாயின் தோளில் மற்றொரு சுமையை ஏற்றிவிடுகின்றனர்.

கர்மக் கோட்பாடு ஒருவன் தன்னைத் தானே ஆராய்வதற்காக அருளப்பட்டது. தன் துன்பத்திற்குப் பிறரைப் பழிக்காமல் இருக்கவும், தன் எதிர்காலம் தன் கையில் உள்ளது என்று ஊக்கம் கொள்ளவும் அது உதவுகிறது. பிறர் துன்பத்தை அளக்கும் கோலாக அதனைப் பயன்படுத்துபவன் சாஸ்திரத்தைத் தவறாகக் கையாள்கிறான். துன்புறும் குழந்தை ஒன்று எதிரில் நிற்கும்போது, அதன் முற்பிறவி எத்தகையது என்பது கேள்வியன்று. தன் இப்பிறவியின் கடமை எது என்பதே காண்பவன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

ஒரு தாயின் தேடல்

மும்பையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்து வரும் ஒரு தொண்டின் வரலாறு இங்கு நினைவுகூரத் தக்கது. மிது அலுர் என்ற பெண்மணிக்கு 1966-ஆம் ஆண்டு பிறந்த மகள் மாலினிக்குப் பெருமூளை வாதம் இருந்தது. வளரும் மூளைக்கு ஏற்படும் பாதிப்பால் உடலின் அசைவும் நிலையும் கட்டுப்பாட்டை இழக்கும் நிலை இது. தொற்று நோய் அன்று. நாளடைவில் மூளையின் பாதிப்பு பெருகுவதும் இல்லை. கை கால்களும் நாவும் சொன்னபடி கேளாதிருக்க, அறிவு முழு ஒளியுடன் விளங்கும் குழந்தைகள் இவர்களுள் பலர். ஆயினும் பேச இயலாத குழந்தைக்கு அறிவும் இல்லை என்று அன்று பலர் முடிவு கட்டினர். மாலினியைப் பற்றியும் இங்கிருந்த மருத்துவர்கள் நம்பிக்கை தரவில்லை. இங்கிலாந்தில் நடந்த பரிசோதனையில்தான் அவரது அறிவு குறைவற்றது என்று தெரிய வந்தது.

தாய் அங்கே சிறப்புக் கல்வியில் பயிற்சி பெற்றார். தாயகம் திரும்பியபோது மகளுக்கு ஏற்ற பள்ளி இங்கு இல்லை. எனவே 1972-இல் பம்பாயில் ‘ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா’ என்ற அமைப்பை நிறுவி, பள்ளியைத் தொடங்கினார். கல்வி ஓரிடம், சிகிச்சை வேறிடம் என்று அலையாமல், பாடம், உடற்பயிற்சிச் சிகிச்சை, பேச்சுப் பயிற்சி ஆகிய அனைத்தும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. 1974-இல் கல்கத்தாவிலும், பின்னர் டெல்லி, பெங்களூர், சென்னை ஆகிய நகரங்களிலும் இத்தகைய அமைப்புகள் தோன்றின. ‘இக்குழந்தையால் கற்க முடியாது’ என்ற இருளை அகற்றியது இப்பணியின் முதல் சாதனை.

நற்பணியின் மீதும் பற்றின்மை

ஒரு தொண்டு வெற்றி பெறும்போதுதான் அதற்கு உண்மையான சோதனை வருகிறது. சிறப்புப் பள்ளி நன்றாக நடந்தது. ஆனால் ஒரு பள்ளி எத்தனை குழந்தைகளை ஏற்க முடியும்? 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2.68 கோடிப் பேர். நகரங்களில் உள்ள சில பள்ளிகள் இவர்களுள் எத்தனை பேரை எட்டும்? மேலும், தனிப் பள்ளிக்குச் சென்று திரும்பும் குழந்தையின் பெயர் அடுத்த வீட்டுக் குழந்தைக்குத் தெரிவதில்லை. அன்பினால் எழுப்பப்பட்ட சுவரும் சுவரே.

1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், அங்கன்வாடிகள் வாயிலாக ஏழைக் குழந்தைகளை எட்டும் மாபெரும் திட்டம். அதிலும் நடைமுறையில் உடற்குறையுள்ள குழந்தைகள் விடுபட்டுப் போவதை மிது அலுர் தமது முனைவர் பட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார். எல்லாக் குழந்தைகளுக்குமான திட்டத்திலேயே இவர்கள் கண்ணுக்குத் தென்படவில்லை என்றால், இன்னும் சில தனிப் பள்ளிகளைக் கட்டுவது மட்டும் விடையாகாது.

எனவே அவ்வமைப்பு தன் பாதையை மாற்றிக்கொண்டது. 1999-இல் உள்ளடக்கிய கல்விக்கான தேசிய வள மையத்தை நிறுவியது. தன் பள்ளியில் பயின்ற குழந்தைகளைப் பொதுப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. அப்பள்ளிகளின் ஆசிரியர்களுக்குத் துணை நிற்பதைத் தன் பணியாக ஏற்றது. தாராவி போன்ற குடிசைப் பகுதிகளில், எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து அமரும் மழலையர் வகுப்புகளை நடத்தியது. பின்னர் ‘அடாப்ட்’ என்று தன் பெயரையும் மாற்றிக்கொண்டது. ‘இயன்றவரும் இயலாதவரும், அனைவரும் ஒன்றாக’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆன பெயர் அது. ‘தகவமைத்துக்கொள்’ என்பதும் அச்சொல்லின் பொருள். தன்னைத் தகவமைத்துக்கொள்ள வேண்டியது குழந்தை மட்டுமன்று. பள்ளியும் சமூகமும் தம்மை மாற்றிக்கொள்ள வேண்டும்.

வேதாந்தம் கற்பவர்கள் இந்த மாற்றத்தை ஊன்றி நோக்க வேண்டும். தீய செயலின் மீதுள்ள பற்றை விடுவது கடினம். நற்செயலின் மீதுள்ள பற்றை விடுவது அதனினும் கடினம். ‘நான் கட்டிய பள்ளி, நான் வளர்த்த குழந்தைகள்’ என்ற எண்ணம் தூய வெள்ளாடை அணிந்து வரும் அகந்தை. பயன் கருதாமல் செயல்புரியுமாறு கீதை கூறுவது பணத்தையும் புகழையும் பற்றி மட்டுமன்று. நேற்றுத் தேவையாக இருந்த வடிவம் இன்று தடையாகுமானால், அந்த வடிவத்தையே விட்டுவிடத் துணிவதும் நிஷ்காம கர்மமே. நோயாளி நடக்கத் தொடங்கியபின் ஊன்றுகோலை வாங்கி வைத்துக்கொள்ளும் மருத்துவனே நல்ல மருத்துவன்.

சமதரிசனம் என்பது எது?

எனினும் இங்கு ஒரு தவறு நேரலாம். எல்லாக் குழந்தைகளும் சமம் என்று கூறி, பெருமூளை வாதமுள்ள குழந்தையை நாற்பது பேர் கொண்ட வகுப்பில் அமர்த்திவிட்டு, அதனை அப்படியே மறந்துவிடலாம். இது சமத்துவத்தின் பெயரால் நிகழும் புறக்கணிப்பு.

கற்றறிந்த அந்தணரையும், பசுவையும், யானையையும், நாயையும் ஞானி சமமாகக் காண்கிறான் என்கிறது கீதை. காட்சி ஒன்று, நடந்துகொள்ளும் முறை ஒன்றன்று என ஆசாரியர்கள் இதனை விளக்குவர். யானைக்கு யானையின் உணவு, பசுவுக்குப் பசுவின் உணவு. அவ்வாறே, ஆன்மா ஒன்று என்று காண்பவன்தான் ஒவ்வொரு குழந்தையின் தனித்தேவையையும் அறிந்து நிறைவு செய்வான். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம், பேச இயலாத குழந்தை சுட்டிக்காட்டப் படங்களும் எழுத்துகளும் கொண்ட பலகை, தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர் ஆகிய இவை சலுகைகள் அல்ல. சமதரிசனம் செயலில் எடுக்கும் வடிவங்கள்.

நாட்டின் சட்டமும் படிப்படியாக இத்திசையில் நகர்ந்துள்ளது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைக் குறிப்பிட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை இருபத்தொன்றாக விரிவாக்கி, உள்ளடக்கிய கல்வியை அரசின் கடமையாக்கியது. சட்டம் வாயிலைத் திறக்கும். உள்ளே இருக்கும் அவையின் மனத்தைத் திறப்பது சட்டத்தால் ஆகாது.

பெயரும் பார்வையும்

‘ஊனமுற்றோர்’ என்ற சொல் மறைந்து, தமிழில் ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல் வழக்கில் வந்துள்ளது. இந்தியில் 2015-ஆம் ஆண்டின் இறுதியில் ‘திவ்யாங்’, அதாவது தெய்விக உறுப்புடையோர், என்ற சொல்லைப் பிரதமர் முன்மொழிந்தார். உரிமைக்காகப் போராடிய பலர் அதனை ஏற்கவில்லை. அவர்கள் கேட்டது புகழ்மொழியன்று, படிகளின் அருகே ஒரு சாய்தளம். தெய்விகம் குறையுள்ள உறுப்பில் மட்டும் தனியாக உறைவதில்லை. எல்லா உயிர்களிலும் உறைவதே அது. அதனை ஒப்புக்கொள்பவன் சாய்தளத்தையும் கட்டுவான்.

1884-ஆம் ஆண்டு தட்சிணேசுவரத்தில் ஸ்ரீராமகிருஷ்ணர், உயிர்களிடம் இரக்கம் காட்டுவது பற்றிய பேச்சு எழுந்தபோது, இரக்கம் காட்ட மனிதன் யார் என்று கேட்டு, சிவனாகக் கண்டு சேவை செய்வதே உரியது என்று உணர்த்தினார். இரக்கத்தில் கொடுப்பவன் மேலே நிற்கிறான். வழிபாட்டில் அவன் கீழே அமர்கிறான். இரக்கம் எதிரில் இருப்பவரைப் பேசவிடுவதில்லை; வழிபாடோ அவர் திருவுளம் யாது என்று கேட்டுக் காத்திருக்கிறது. மாலினி சிப் பிற்காலத்தில் இலண்டனில் இரண்டு முதுகலைப் பட்டங்கள் பெற்றார். ஒரே விரலால் தட்டச்சு செய்து தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். காத்திருக்கத் தெரிந்தவர்கள் அருகில் இல்லாதிருந்தால் அந்த விரலின் சொல் யாருக்குக் கேட்டிருக்கும்? பட்டங்கள் பெறாத, ஒரு சொல்லும் உரைக்க இயலாத குழந்தையும் இதே மதிப்புக்கு உரியதே. ஆன்மாவின் மதிப்பு சாதனையைச் சார்ந்ததன்று.

செய்ய வேண்டியவை

பெரிய அமைப்புகளை நிறுவுவது எல்லோராலும் இயலாது. சிறிய தொண்டுகள் எல்லோருக்கும் இயலும். இத்தகைய குழந்தையைச் சந்திக்கும்போது, ‘பாவம்’ என்ற சொல்லைத் தவிர்க்கலாம். தாயிடம் அதனைப் பற்றி விசாரிப்பதை விடுத்து, குழந்தையிடமே அதன் பெயரைக் கேட்கலாம். விடை வர நேரமானால் பொறுத்திருக்கலாம். இரவும் பகலும் கண்விழிக்கும் பெற்றோருக்கு வாரத்தில் ஒரு மாலை ஓய்வு கிடைக்கச் செய்யலாம். கோயிலிலும் சத்சங்க மண்டபத்திலும் சக்கர நாற்காலி நுழைய வழி உண்டா என்று பார்த்து, இல்லையேல் அமைக்கலாம். தங்கள் குழந்தைகள் பயிலும் பள்ளியில், இக்குழந்தைகளுக்கு இடமுண்டா என்று கேட்கலாம்.

இறைவன் எவ்வடிவிலும் வருவான் என்று நம்புகிறவர்கள், அவன் எவ்வடிவில் வந்தாலும் நுழையக் கூடியதாகத் தங்கள் வாயிலை அமைத்திருக்க வேண்டும். அந்த வாயிலை அமைப்பதே வழிபாட்டின் தொடக்கம். அதற்குரிய தெளிந்த பார்வையையும், தளராத கைகளையும் இறைவன் எல்லோருக்கும் அருள்வானாக!