அவிழ்த்துவிடும் உரிமை

ஐந்து நாள் வீட்டினுள் அடைபட்ட நாயை வார இறுதியில் காரிலேற்றி, ஒடுங்கிய நாட்டுப்புறப் பாதைகளினூடே இங்கிலாந்தின் மேட்டுநிலப் புல்வெளிக்குக் கொண்டுசெல்பவன், அங்கே கயிற்றை அவிழ்க்க விரும்புவது இயல்பே. அதன் துள்ளலைக் கண்டோர் அவ்விருப்பத்தைப் பழியார். ஆயினும் ஆட்காட்டி அங்கே வெறுந்தரையில் முட்டையிடுகின்றது. நாய் நெருங்கத் தாய்ப்பறவை எழும், முட்டைகள் குளிரும். பொதுமக்கள் உலவ உரிமையுள்ள அத்தகைய திறந்த நிலங்களில், மார்ச் 1 முதல் யூலை 31 வரை இரண்டு மீற்றருக்கு மேற்படாத கயிற்றில் நாயைப் பிடித்திருக்க 2000ஆம் ஆண்டுச் சட்டம் பணிக்கின்றது.

குற்றமறியா விலங்கைக் கட்டுவது கொடுமையன்றோ என்பர். நாய் குற்றமறியாததுதான், அதனாலேயே வினா உடையவனைச் சேர்கின்றது. ஐந்து நாள் அடைத்துவைத்தவன் அவனே. நாய்க்குப் பட்ட அக்கடனைப் பறவையின் முட்டைகளைக் கொண்டு தீர்க்க அவனுக்கு உரிமை எங்ஙனம் வந்தது? வேலைநாள் மாலைகளில் அவன் நடக்கச் சோம்பிய தெரு, வீட்டு வாயிலிலேயே கிடக்கின்றது.