நன்றி யாரைச் சேரும்?

தை பிறக்கும் நாள்களில் சேலம், நாமக்கல் சமவெளியின் உழவர் குடும்பங்கள் மூன்று தரப்புக்கு நன்றி செலுத்துகின்றன: சூரியன், மாடு, காலமான பெரியவர்கள். மூன்று தரப்பும் அந்த நன்றியைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லப் போவதில்லை. அமெரிக்காவில் நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் நாளிலும், டிசம்பர் 25 அன்று உலகெங்கும் கிறிஸ்தவ வீடுகளிலும் இதே நிலைதான். குடும்பம் கூடிச் சமைத்து, கண்ணுக்குத் தெரியாத ஒருவருக்கு நன்றி சொல்லிவிட்டு, தானே உட்கார்ந்து சாப்பிடுகிறது. இந்த நன்றி உண்மையில் யாரைச் சேருகிறது என்பது சமய மெய்யியலில் பழைய கேள்வி.

சேலம் மாவட்டத்தின் கெங்கவல்லி வட்டம் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட நிலத்தில், சுவேத நதியை ஒட்டி இருக்கிறது. மலையில் மழை பெய்தால்தான் ஆற்றில் தண்ணீர். மற்ற நாள்களில் கிணறும் ஆழ்துளைக் குழாயும். மரவள்ளி, மக்காச்சோளம், மஞ்சள், பருத்தி, கொஞ்சம் நெல் என்று பயிர் மாறிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட ஊரில் விளைச்சல் என்பது உழைப்புக்குக் கிடைத்த கூலி மட்டும் அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேர் ஒரே மாதிரி உழைத்து, ஒருவர் வயலில் மட்டும் விளைந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள்.

போகியன்று வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் கொத்தாகச் சேர்த்து வீட்டு இறவாணத்திலும் வயல் மூலையிலும் கட்டுகிறார்கள். இதற்குக் காப்புக் கட்டுதல் என்று பெயர். மறுநாள் வாசலில் சூரியனுக்குப் பொங்கல். அதற்கடுத்த நாள் பட்டிப்பொங்கல். மாட்டைக் குளிப்பாட்டி, கொம்பைச் சீவி வண்ணம் பூசி, பழைய மூக்கணாங்கயிற்றையும் கழுத்துக்கயிற்றையும் அறுத்துப் புதிது மாட்டுகிறார்கள். பல குடும்பங்களில் தொழுவத்தின் முன்னால் சாணத்தால் கரை கட்டி, முழங்கை நீளத்துக்குச் சிறிய தெப்பக்குளம் ஒன்று செய்து தண்ணீர் ஊற்றி, அதில் ஆவாரம்பூவைப் போடுகிறார்கள். பொங்கலும் வாழைப்பழமும் பிசைந்து மாட்டின் வாயில் ஊட்டியபின், பிள்ளைகள் தட்டைத் தட்டிக் கூச்சலிட, மாடு அந்தக் குளத்தை மிதித்துக்கொண்டு வெளியே ஓடுகிறது. ஒரு நாள் வேலை ஒரு நொடியில் சேறாகிவிடும். அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. மிதிபடுவதற்காகவே செய்தது அது.

இப்படி நன்றி செலுத்துவதற்கு எதிரான வாதத்தை ரோமாபுரித் தத்துவவாதி செனீக்கா முதல் நூற்றாண்டிலேயே வைத்துவிட்டார். உபகாரங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் ஏழு பாகம் கொண்டது. கொடுப்பவருக்குக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால்தான் அது உபகாரம் என்பது அவர் கட்சி. கப்பலைத் தாங்கிச் செல்லும் ஆற்றுக்கு ஒருவரும் கடன்பட்டவர் இல்லை. ஆற்றுக்கு எண்ணம் ஏது? ஆனால் சூரியனுக்கும் நிலாவுக்கும் நாம் கடன்பட்டவர்கள்தான் என்று அதே நூலில் சொல்கிறார். செனீக்கா சார்ந்த ஸ்டோயிக் தத்துவப் பள்ளியின் பார்வையில் வானத்துச் சுடர்கள் தெய்வங்கள். அறிந்தே ஒளி தருகின்றன. செனீக்கா இங்கே கொஞ்சம் வசதியாகத் தப்பித்துக்கொள்கிறார் என்று சொல்லத் தோன்றும். சூரியன் தெய்வம் இல்லை என்று தெரிந்தபின் அவருடைய சூரிய நன்றிக்கு என்ன ஆகும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

வள்ளுவர் வேறு வழியில் போகிறார். ஒப்புரவறிதல் அதிகாரத்தின் முதல் குறளில், மழைக்கு இந்த உலகம் என்ன பதில் செய்துவிட முடியும் என்று கேட்டு, கைம்மாறு எதிர்பாராத உதவிக்கு மழையையே முன்மாதிரி ஆக்குகிறார். மழைக்கு எண்ணம் உண்டா என்று அவர் விசாரிக்கவில்லை. திருப்பித் தர முடியாது என்பதால் கடன் தீர்ந்துபோகவில்லை. அது வேறு ஆளிடம் செலுத்தப்பட வேண்டியதாகிறது. பெற்றவன் மழை மாதிரி நடந்துகொள்ள வேண்டும். செய்ந்நன்றி அறிதலை அவர் வைத்திருக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. பதினோராவது அதிகாரமான அது, விருந்தோம்பலுக்கும் இனியவை கூறலுக்கும் அடுத்து, இல்லறவியலில் வருகிறது. துறவியின் பண்பாகவோ பக்தனின் பண்பாகவோ அல்லாமல், அடுப்பு எரியும் வீட்டின் பண்பாக நன்றி அங்கே பேசப்படுகிறது. எந்த அறத்தைச் சிதைத்தவருக்கும் தப்பிக்க வழி உண்டு, நன்றி கொன்றவருக்கு இல்லை என்று அந்த அதிகாரம் முடிகிறது.

வைதிக மரபு இதையே கடன் கணக்காக எழுதியது. பிறக்கும்போதே மூன்று கடனோடு பிறக்கிறான் என்று தைத்திரீய சம்ஹிதை பிராமணனைப் பற்றிச் சொல்வதைப் பின்வந்த நூல்கள் விரித்துக்கொண்டன. ரிஷிகளுக்குப் பட்ட கடன் படிப்பால் தீரும். தேவர்களுக்குப் பட்டது வேள்வியால் தீரும். முன்னோருக்குப் பட்டது பிள்ளை பெறுவதால் தீரும். மூன்றாவதுதான் விசித்திரமானது. மேலே இருப்பவரிடம் வாங்கிய கடனைக் கீழே இருப்பவரிடம் கொடுத்துத் தீர்க்கச் சொல்கிறது. தாத்தாவிடம் வாங்கியதைப் பேரனுக்குக் கொடுத்தால் கணக்கு நேராகும் என்றால், கடன்பட்டவர் தனி மனிதர் இல்லை, குடும்பம் என்று ஆகிறது. பொங்கலில் முன்னோருக்குப் புதுத்துணி வைத்துப் படைத்துவிட்டு, அந்தத் துணியை வீட்டில் இருப்பவர்களே உடுத்திக்கொள்ளும் வழக்கம் இந்தக் கணக்கை அப்படியே நடத்திக் காட்டுகிறது.

விவிலியத்திலும் நன்றி ஒரு குடும்பக் கதையைச் சொல்வதில்தான் தொடங்குகிறது. உபாகமம் 26ஆம் அதிகாரத்தின்படி, முதற்பலனைக் கூடையில் கொண்டுவருபவர் ‘நன்றி’ என்று சொல்லி நிறுத்துவதில்லை. நாடோடியான தன் மூதாதையில் தொடங்கி, எகிப்தின் அடிமை வாழ்வு, மீட்பு, இந்த நிலம் வரை குருவின் முன் ஒப்பிக்க வேண்டும். பிறகு லேவியரோடும் ஊரில் தங்கியிருக்கும் அந்நியரோடும் சேர்ந்து உண்டு மகிழ வேண்டும். அந்நியருக்குப் பந்தியில் இடம் இல்லையென்றால் அந்தச் சடங்கு நிறைவேறாது.

இந்த மரபின் புராட்டஸ்டண்ட் கிளை சேலத்துக்கு வந்தது 1827இல். லண்டன் மிஷனரி சங்கத்தின் ஹென்றி கிரிஸ்ப் அந்த ஆண்டில் அங்கே பணியைத் தொடங்கினார். கத்தோலிக்கத் திருச்சபையில் சேலம் தனி மறைமாவட்டமானது 1930இல். தென்னிந்தியத் திருச்சபைக் கோயில்களில் அறுப்பின் பண்டிகை நாளில் பூசணிக்காய், வாழைத்தார், தேங்காய், உயிர்க்கோழி எல்லாம் பீடத்தின் முன் வந்து குவியும். ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம். சந்தையில் சாதாரண விலைக்குப் போகும் பூசணிக்காய் அங்கே பல மடங்கு விலைக்குப் போனாலும் எடுத்தவருக்கு வருத்தம் இல்லை. விலையில் கொஞ்சம் பூசணிக்காய்க்கு, மீதி நன்றிக்கு. கத்தோலிக்கப் பங்குகளில் தைப்பொங்கலன்று கோயில் வளாகத்தில் சிலுவைக் குறியிட்ட பானையில் பொங்கல் வைத்து, குருவானவர் மந்திரிப்பதும் வழக்கமாகிவிட்டது.

கிறிஸ்துமஸ் சற்று வேறு வகை. விளைச்சலுக்கோ பிழைத்ததற்கோ நன்றி சொல்லும் நாள் அல்ல அது. கேட்காமலே வந்த ஒரு கொடையைக் கொண்டாடும் நாள். ரோமில் டிசம்பர் 25 அன்று இந்த விழா நடந்ததற்கு 336ஆம் ஆண்டைச் சேர்ந்த குறிப்பு உண்டு. 1223இல் அசிசி பிரான்சிஸ் கிரேச்சோ என்ற ஊரில் மாடும் கழுதையும் நிற்கும் குடிலை அமைத்தார். வைக்கோலும் சாணி வாசமும் விழாவுக்குள் வந்தது அதன் பிறகுதான். தமிழ்நாட்டு ஊர்களில் கிறிஸ்துமஸ் காலையில் அதிரசமும் முறுக்கும் வைத்த தட்டு பக்கத்து இந்து வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் போகிறது. தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் அது எதிர்த்திசையில் வரும். உடனே திருப்ப நேர்ந்தாலும் தட்டை வெறுமையாகக் கொடுப்பதில்லை. ஒரு கை சர்க்கரையாவது போடுவார்கள். கொடை எப்போதும் பதில் கொடையைக் கேட்கிறது, அதனால்தான் அது சமூகத்தைக் கட்டுகிறது என்று பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் எழுதினார். ஆனால் கிறிஸ்துமஸ் இறையியலில் கொடைக்குப் பதில் தர முடியாது. இறையியல் சொல்வதற்கும் தட்டு செய்வதற்கும் இடையில் ஒரு முரண் இருக்கத்தான் செய்கிறது. வீடுகள் அதைப் பொருட்படுத்தியதில்லை.

கடவுளே வேண்டாம் என்றவர்களும் பொங்கலை விடவில்லை. நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது 1944இல் சேலத்தில் நடந்த மாநாட்டில்தான். தீபாவளியைத் தள்ளிய பெரியார், பொங்கலைத் தமிழரின் அறுவடை விழா என்று ஏற்றுக்கொண்டார். உழைப்பின் பயனைக் கொண்டாடலாம், அதற்குப் புராணம் எதற்கு என்பது அவர் நிலை. பெறுபவர் இல்லாமலும் நன்றி நிற்கும் என்பதற்கு இந்தப் பொங்கல் நல்ல சான்று. நன்றி உணர்வு இருந்தால் அதன் மறுமுனையில் ஒரு கடவுள் இருந்தே தீர வேண்டும் என்று வாதிடுபவர்கள் இந்த இடத்தை எளிதாகக் கடந்துவிட முடியாது.

பெறுபவர் யார் என்பது நிச்சயமில்லாத பண்டிகை சேலம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு: ஆடி முதல் நாளின் தேங்காய் சுடும் நோன்பு. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பகுதிகளில் கொண்டாடப்படுவது. தேங்காயின் நாரை நீக்கித் தரையில் தேய்த்து வழவழப்பாக்கி, ஒரு கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடிக்கிறார்கள். பாசிப்பருப்பு, வெல்லம், எள், அவல், பொட்டுக்கடலை எல்லாவற்றையும் உள்ளே திணித்து, வடித்த தண்ணீரில் கொஞ்சம் ஊற்றி, அழிஞ்சில் குச்சியைக் கண்ணில் செருகி, மஞ்சள் பூசி, தெருவில் தீ மூட்டி வாட்டுகிறார்கள். ஓடு வெடித்து வாசம் வந்ததும் பிள்ளையாருக்குப் படையல். பாரதப் போர் ஆடி முதல் நாள் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது, அதற்காகத்தான் இது என்று கதை சொல்லப்படுகிறது. கதை தெரியாத வீட்டிலும் தேங்காய் அதே ருசியில்தான் வெந்துவருகிறது. மோஸின் நூல் வந்த அதே 1925இல் வெளியான சமூகவியலாளர் மொரிஸ் ஆல்ப்வாக்ஸின் நூல், நினைவு தனி மண்டைக்குள் இருப்பதல்ல, குடும்பமும் சமயக் குழுவும் தரும் சட்டகத்துக்குள்தான் அது நிற்கிறது என்று வாதிட்டது. அழிஞ்சில் குச்சி எங்கே கிடைக்கும் என்று பாட்டி பேத்திக்குக் காட்டும்போது அங்கே கைமாறுவது போர்க் கதை அல்ல. இன்னார் வீட்டுப் பிள்ளை என்ற அறிவு. குடும்பப் பண்டிகையின் நன்றியும் இப்படிப்பட்டதுதான். கேட்பவர் காதில் விழ வேண்டிய செய்தியாக அதைப் பார்த்தால் பொருளற்றுப் போகிறது. வாங்கியதை மறக்காமல் இருக்கக் குடும்பம் தனக்குத் தானே வைத்துக்கொண்ட ஏற்பாடாகப் பார்த்தால் பொருள் வருகிறது.

அப்படியானால் குடும்பம் யாரை மறந்தது என்ற கேள்வியும் கேட்கப்பட வேண்டும். தேங்க்ஸ்கிவிங்கின் மூலக்கதையாகச் சொல்லப்படுவது 1621இல் பிளிமத் குடியேறிகளும் வாம்பனோக் பூர்வகுடிகளும் சேர்ந்து உண்ட அறுவடை விருந்து. உள்நாட்டுப் போரின் நடுவே 1863இல் லிங்கன் அந்த நாளைத் தேசிய அளவில் அறிவித்தார்; நவம்பரின் நான்காவது வியாழன் என்று 1941இல் சட்டமானது. சோளம் பயிரிடக் கற்றுக்கொடுத்தவர்களின் நிலம் இதற்கிடையில் பறிபோயிருந்தது. அதனால் 1970 முதல் பிளிமத்தில் அதே நாளைப் பூர்வகுடிகள் துக்க நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். கடவுளுக்குச் சொன்ன நன்றி, மனிதருக்குச் சொல்ல வேண்டிய நன்றியை மறைத்துக்கொண்டது.

தமிழ்நாட்டுப் பட்டிப்பொங்கலுக்கும் இந்தக் குற்றச்சாட்டு பொருந்தும். பண்ணையில் ஏரோட்டியவரும் நாற்று நட்டவரும் வேட்டி, துண்டு, படி அரிசிக்காக வாசலுக்கு வெளியே வந்து நின்ற வழக்கம் பல ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. ஏரிழுத்த மாட்டுக்கு நெற்றியில் பொட்டு வைத்து வாயில் ஊட்டியவர்கள், அதை ஓட்டியவரைப் படியேற்றவில்லை. உபாகமம் சொல்லும் பந்தியோடு ஒப்பிட்டால் இது குறைபட்ட நன்றி. வீட்டுக்குள்ளும் இதே கதைதான்: நன்றி சொல்லும் நாள் முழுவதும் அடுப்படியில் நின்ற பெண்ணின் பெயர் எந்தப் படையலிலும் உயிரோடு இருக்கும்போது வருவதில்லை. வாங்கியதை நினைவில் வைக்கும் ஏற்பாடு, சாதியும் ஆண்மையும் எழுதித் தந்த பட்டியலின்படியே நினைவு வைத்திருக்கிறது.

அந்தப் பட்டியல் இப்போது தானாகவே மாறிவருகிறது. உழவுமாடு குறைந்துவிட்டது, டிராக்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போடுகிறார்கள். கனடாவின் நாடாளுமன்றம் 2016இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது; அங்கே பொங்கல் விழாக்கள் பெரும்பாலும் வார இறுதிக்கு நகர்ந்துவிடுகின்றன. அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை கிடைப்பது தேங்க்ஸ்கிவிங்குக்கு. சிதறியிருக்கும் பிள்ளைகள் கூடுவது அன்றுதான். மாடும் இல்லை, வயலும் இல்லை, விளைச்சலும் இல்லை என்பதால் இவையெல்லாம் வெறும் வேடிக்கை என்று தள்ளுபவர்கள், கெங்கவல்லியிலும் சூரியன் பதில் சொன்னதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். டொராண்டோவிலும் டல்லஸிலும் பொங்கலை வைத்துப் படைக்கும் குடும்பத்துக்கு உள்ள கேள்வி, மாட்டுக்குப் பதில் எதை வைப்பது என்பதல்ல. தன்னை அங்கே கொண்டுசேர்த்தவர்கள் யார் யார், அவர்களில் யாருக்கு இன்னும் பந்தியில் இலை போடவில்லை என்பதுதான்.