கௌரவம் மட்டும் போதுமா?

கூலி வாங்காமல் செய்யப்படும் செயல், கூலிக்காகச் செய்யப்படும் செயலைவிட உயர்ந்தது என்பது நம்மில் பெரும்பாலோர் ஆராயாமலே ஏற்றுக்கொண்டுள்ள கருத்தாகும். ஓர் ஆசிரியரையோ, எழுத்தாளரையோ, பொதுப்பணியாளரையோ எடைபோட முற்படும்போது, ‘அவர் இதற்குப் பணம் வாங்குகிறாரா?’ என்ற கேள்வி தானாகவே எழுகிறது. வாங்கவில்லை என்று அறிந்தால் அவர் நம் கண்ணில் ஒரு படி உயர்ந்துவிடுகிறார். வாங்குகிறார் என்று அறிந்தால் அவர் செய்த நன்மையும் சற்றுக் குறைந்துவிட்டதுபோல் தோன்றுகிறது. இந்த அளவுகோல் நேர்மையானதுதானா?

இதனைச் சோதித்துப் பார்க்கக் கால்பந்து மைதானத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. ஏனெனில் அங்கே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இந்தக் கேள்வி சட்டமாகவே எழுதி வைக்கப்பட்டிருந்தது. அதன்படியே மனிதர்கள் சேர்க்கப்பட்டார்கள்; அதன்படியே விலக்கப்பட்டார்கள்.

லண்டன் மாநகரையும் அதன் சுற்றுப்புறங்களையும் சேர்ந்த சங்கங்களுக்காக 1912-ஆம் ஆண்டில் ‘ஏதீனியன் லீக்’ என்னும் கால்பந்து அமைப்பு தொடங்கப்பெற்றது. ஊதியம் பெறாத ஆட்டக்காரர்களுக்கு, அதாவது ‘அமெச்சூர்’ என்று சொல்லப்படுவோருக்கு மட்டுமே உரிய அமைப்பு அது. அதற்கு மூத்தது 1905-இல் பிறந்த ‘இஸ்த்மியன் லீக்’. பிற்காலத்தில் கொரிந்தியன், டெல்ஃபியன் என்னும் வேறு இரண்டு லீக்குகளும் தோன்றின. எல்லாமே கிரேக்கப் பெயர்கள். வென்றவனுக்கு இலைக் கிரீடம் ஒன்றே பரிசாகக் கிடைத்த பழங்காலப் பந்தயங்களை நினைவூட்டும் பெயர்கள். இஸ்த்மியன் லீக் தனக்கென ஓர் இலத்தீன் வாசகத்தையும் வைத்துக்கொண்டது. ‘கௌரவமே போதும்’ என்பது அதன் பொருள். தொடக்க காலத்தில் வென்ற சங்கத்துக்கு அந்த லீக் கோப்பையும் தரவில்லை, பதக்கமும் தரவில்லை.

இந்தக் கொள்கையை வெறும் பகட்டு என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. கூலி வாங்காதவர்களுக்கென்றே இங்கிலாந்தில் நடந்த அமெச்சூர் கோப்பையின் இறுதி ஆட்டத்தை 1951-இல் வெம்ப்லி அரங்கில் கண்டவர்கள் ஒரு லட்சம் பேர். 1958 பிப்ரவரி 6-இல் மூனிக் நகரில் நிகழ்ந்த விமான விபத்தில் மான்செஸ்டர் யுனைடெட் சங்கத்தின் ஆட்டக்காரர்கள் எண்மர் மடிந்தபோது, அந்தப் பெரிய சங்கத்துக்குக் கைகொடுக்க வந்தவர்களில் பிஷப் ஆக்லாந்து என்னும் சிற்றூரின் ஊதியமற்ற ஆட்டக்காரர்கள் மூவரும் இருந்தனர். அவர்களுள் ஒருவரான வாரன் பிராட்லி பள்ளி ஆசிரியர். அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் நாட்டு அணியில் இடம்பெற்ற அவர், பிற்காலத்தில் தலைமையாசிரியராகப் பணிபுரிந்தார்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1948 ஜூலை 31-இல், சுதந்திர இந்தியாவின் அணி தன் முதல் ஒலிம்பிக் கால்பந்து ஆட்டத்தை லண்டனை அடுத்த இல்ஃபோர்டில் ஆடியது. இல்ஃபோர்டின் சங்கமும் இஸ்த்மியன் லீக்கைச் சேர்ந்த ஊதியமற்ற சங்கம்தான். நம்மவர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் அணியாமல் ஆடினார்கள். தலைவர் டாலிமெரன் ஆவ், கல்கத்தாவில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த நாகர். பிரான்சுக்கு எதிராகச் சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. இந்தியா 2–1 என்ற கணக்கில் தோற்றது. ஆயினும் அந்த ஆட்டம் இன்றுவரை பேசப்படுகிறது. எந்தக் கூலியும் அந்தப் பேச்சை வாங்கித் தந்திருக்க முடியாது.

இவ்வளவும் உண்மை. ஆனால் இந்தக் கொள்கை எங்கே பிறந்தது, யாருக்கு எதிராக நின்றது என்பதையும் பார்க்கவேண்டும். இங்கிலாந்தில் கால்பந்துக்கு விதிகளை வகுத்தவர்களுள் பலர் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்காக அவர்கள் எந்தக் கூலியையும் இழக்கவில்லை. 1883-இல் பிளாக்பர்ன் நகரின் நெசவாலைத் தொழிலாளர்களும் பிற கைத்தொழிலாளர்களும் அடங்கிய அணியொன்று, ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணியை 2–1 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையைக் கொண்டுபோயிற்று. ஆலைத் தொழிலாளி வெளியூர் சென்று ஆடவேண்டுமானால் ஒரு நாள் கூலியை இழக்கவேண்டும். அதை யாரேனும் ஈடுசெய்தால் அவன் ‘பணத்துக்கு ஆடுகிறவன்’ ஆகிவிடுவான். நீண்ட சர்ச்சைக்குப் பின் 1885-இல்தான் ஊதியம் பெறுவது அங்கே சட்டப்படி ஒப்புக்கொள்ளப்பட்டது.

இதே விதி வேறொரு மனிதரை எப்படி நசுக்கியது என்பதையும் உலகம் கண்டது. ஜிம் தார்ப் அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்தவர். 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றார். அதற்கு முன்னர் அவர் சிறு ஊர்களில் பேஸ்பால் ஆடிச் சொற்பத் தொகை பெற்றிருந்தார் என்று 1913-இல் பதக்கங்களைப் பறித்துக்கொண்டார்கள். 1953-இல் அவர் இறந்தார். தீர்ப்பு மாற்றப்பட்டது 1982-இல். ஓடியதும் தாண்டியதும் அதே கால்கள்தாம். வயிற்றுப்பாட்டுக்காகக் கோடைக்காலங்களில் வாங்கிய சில்லறை, அந்தக் கால்கள் செய்த சாதனையை எப்படிக் கறைப்படுத்தும்?

விதி கடுமையாக இருந்த இடத்தில் மறைவும் உடன்வந்தது. நல்ல ஆட்டக்காரன் வேறு சங்கத்துக்குப் போய்விடாமலிருக்க, ஆட்டம் முடிந்ததும் அவன் பூட்ஸுக்குள் யாருக்கும் தெரியாமல் பணம் வைக்கும் வழக்கம் இங்கிலாந்தில் பரவியது. ‘பூட்ஸ் பணம்’ என்றே அதற்குப் பெயர். கொடுத்தவரும் வாங்கியவரும் வெளியில் ‘கௌரவமே போதும்’ என்றார்கள். கூலி வாங்குவதில் இல்லாத இழுக்கு இந்தப் பொய்யில் இருந்தது. ஊதியம் பெறுவோர், பெறாதோர் என்னும் வேறுபாட்டை ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் 1974-இல் அறவே நீக்கியது. அவ்வாண்டே அமெச்சூர் கோப்பையின் கடைசி இறுதி ஆட்டமும் நடந்தது. அதில் தோற்றது, நம்மவர்கள் வெறுங்காலோடு ஆடிய அந்த இல்ஃபோர்டின் சங்கம்.

ஏதீனியன் லீக் மேலும் பத்தாண்டுகள் உயிர் வாழ்ந்தது. ஆனால் இஸ்த்மியன் லீக் 1973-இலும் 1977-இலும் புதிய பிரிவுகளை ஏற்படுத்தி அதன் சங்கங்களை ஈர்த்துக்கொண்டது. 1984-இல் இன்னொரு விரிவு நேர்ந்தபோது ஏதீனியன் லீக் கலைந்துபோயிற்று. ‘நாங்கள் கூலி வாங்காதவர்கள்’ என்பதே தனிச்சிறப்பாக இருந்த ஓர் அமைப்பு, அந்தச் சொல் பொருளிழந்தபின் ஏணியின் ஒரு கீழ்ப்படியாக மட்டுமே மிஞ்சியது. மேற்படியில் இடம் கிடைத்தவர்கள் ஏறிப்போனார்கள்.

நம் நாடு இந்தச் சிக்கலுக்கு வேறொரு வழி கண்டது. ஆட்டத்துக்குக் கூலி இல்லை. ஆனால் ஆட்டக்காரனுக்கு வேலை உண்டு என்பதே அந்த வழி. இரயில்வேயும் காவல்துறையும் இராணுவமும் வங்கிகளும் ஆட்டத் திறன் கண்டு இளைஞர்களைப் பணியில் அமர்த்தின. ஐதராபாத் நகரக் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. நீலகிரி வெல்லிங்டனிலுள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மைய அணி 1955-இலும் 1958-இலும் டூராண்ட் கோப்பையைக் கைப்பற்றியது. ஐதராபாத் காவல்துறை அணியைப் பயிற்றுவித்த சையத் அப்துல் ரஹீம் அவர்கள் பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கியவர். 1951-இலும் 1962-இலும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியா தங்கம் பெற்றது அவர் பயிற்சியில்தான். இரண்டாவது வெற்றியின்போது அவர் புற்றுநோயின் பிடியில் இருந்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் காலமானார்.

சென்னையின் மேற்குப் புறநகர்வாசிகளுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலையும் தொழிற்பேட்டையும், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், சற்றுக் கிழக்கே பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலையும் எழுந்தபோது, அவற்றோடு தொழிலாளர் குடியிருப்புகளும் மைதானங்களும் எழுந்தன. இரயில் பெட்டித் தொழிற்சாலையின் அணி சென்னை லீக்கில் நெடுங்காலம் ஆடிவந்த அணி. இத்தகைய வேலையில் அமர்ந்தவனுக்கு ஆடும் நாளிலும் சம்பளம் உண்டு. முழங்கால் ஒடிந்து ஆட்டம் நின்றுபோன நாளிலும் அடுப்பு எரியும். எல்லோருக்கும் அந்த வேலை கிடைத்துவிடவில்லை என்பது மெய்யே. எனினும் கிடைத்தவன் அதை ஒளித்துவைக்க வேண்டியிருக்கவில்லை. தான் ஆட்டக்காரனாக வேலைக்கு வந்தவன் என்று தலைநிமிர்ந்து சொல்லமுடிந்தது.

இனி முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். கூலியற்ற உழைப்பு உயர்ந்ததா? உயர்ந்ததுதான், ஆனால் அது உழைப்பவன் தானே விரும்பி அளித்த கொடையாக இருக்கும்போது மட்டும். ‘எனக்குக் கௌரவமே போதும்’ என்று ஆடுகிறவன் சொன்னால் அது பெருந்தன்மை. ‘உனக்குக் கௌரவமே போதும்’ என்று ஆடவைக்கிறவன் சொன்னால் அது சுரண்டல். சொற்கள் ஏறக்குறைய ஒன்றே. சொல்லும் வாய் மாறும்போது அறம் தலைகீழாகிவிடுகிறது. மறுத்துவிட்டு வீட்டுக்குப் போகக்கூடியவன் கொடுப்பதுதான் கொடை. மறுக்க வழியில்லாதவனிடமிருந்து பெறுவதற்கு வேறு பெயர் உண்டு.

இந்த உண்மை மைதானத்தோடு நின்றுவிடுவதன்று. நம் மஹல்லாக்களை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவர், ஐந்து வேளையும் பாங்கு சொல்பவர், மாலை நேரத்தில் நூலகத்தைத் திறந்துவைப்பவர் ஆகியோருக்கு நாம் எவ்வளவு தருகிறோம்? தொகை குறைவு என்று யாரேனும் சொன்னால், ‘இது பணத்துக்காகச் செய்கிற காரியமா?’ என்று கேட்டு வாயடைத்துவிடுகிறோம். அவருடைய நிய்யத்து தூய்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் தூய்மை அவருடைய சொத்து. அதைக் காரணம் காட்டி அவர் பிள்ளைகளின் பாலிலும் படிப்பிலும் நாம் மிச்சம் பிடிக்க உரிமையில்லை. உரிய ஊதியத்தைக் கொடுத்துவிட்ட பின்பு, அதற்கும் மேலாக அவர் தரும் அன்பையும் நேரத்தையும் கொடையென்று புகழ்வோம். அப்போது அந்தப் புகழ்ச்சிக்குப் பொருள் இருக்கும்.

மைதானத்தில் இன்று நிலைமை வேறு திசையில் திரும்பியிருக்கிறது. ஒரு காலத்தில் ஆடுகிறவன் பணம் வாங்கலாமா என்று வழக்காடினார்கள். இப்போது புறநகர்ப் பையன் ஆடுவதற்கே பணம் கொடுக்கவேண்டியுள்ளது. வெற்றிடங்கள் வீட்டுமனைகளாகிவிட்டன, செயற்கைப் புல் விரித்த ‘டர்ஃப்’ மைதானங்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படுகின்றன. கூலி எதிர்பாராமல், ஆட்டத்தின் மகிழ்ச்சிக்காகவே ஆட விரும்புகிறவனுக்கு இடமே குறைந்துவருகிறது. ஆலைத் தொழிலாளியைப் பிளாக்பர்னில் தடுத்த சுவர், வேறு கற்களால் இங்கே கட்டப்படுகிறது.

ஆகவே நம் கடமை இரண்டு. பிறர் உழைப்பால் பயன்பெறும் இடத்தில், கூலியை மறைக்காமலும் குறைக்காமலும் கொடுக்கவேண்டும். கூலி வேண்டாமென்று விரும்பி வருகிறவர்களுக்கு, ஆடவும் கற்பிக்கவும் படிக்கவும் ஓர் இடத்தைத் திறந்துவைக்கவேண்டும். ஊர்ப் பொதுவில் ஒரு வெற்றிடம் இருக்குமானால், அதில் கடைகள் கட்டி வாடகை பெறலாம் என்ற யோசனை கூட்டத்துக்கு வரும் நாளில், மாலையில் அங்கே பந்து உதைக்கும் பிள்ளைகளையும் ஒரு தரப்பாகக் கருதிப் பேச ஒருவராவது எழுந்து நிற்கவேண்டும்.