கொப்பிக் கணக்கு

2018 ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சமாதானத்தைப் பற்றிப் பேசும் இளைஞர் ஒன்றுகூடலுக்காகத் திகன வழியாகத் தெல்தெனியவுக்குப் போனோம். பங்கிலிருந்து இருபத்தெட்டு இளைஞர், யுவதிகள், வாடகை பஸ்ஸில். எனக்குப் பத்தொன்பது வயது. குண்டசாலை தாண்டும்வரை செபமாலை, அதன் பிறகு பைலா. திகனச் சந்தி நெருங்கியதும் பாட்டுத் தானாக நின்றது. இரு பக்கமும் புதுத் தகரம் அடித்த கடைகள், கரி படிந்த சுவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசிக் கடையும் பின்னால் போனதும் டோல்கி மறுபடி தொடங்கியது.

நடந்தது என்ன என்று பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பெப்ரவரி 22 அன்று தெல்தெனியவில் ஒரு வாகனத் தகராறு. முஸ்லிம் இளைஞர் சிலர் அடித்ததில் படுகாயமடைந்த சிங்கள லொறிச் சாரதி மார்ச் தொடக்கத்தில் ஆஸ்பத்திரியில் இறந்தார். அடித்தவர்களைப் பொலிஸ் பிடித்திருந்தது. அது போதவில்லை. மார்ச் 5 அன்று முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் எரிக்கக் கும்பல் கிளம்பியது. திகனவில் எரிந்த வீட்டுக்குள் சிக்கி ஒரு முஸ்லிம் இளைஞன் செத்துப்போனான். மறுநாள் அவசரகாலநிலை, பிறகு முகநூலுக்கும் வட்ஸ்அப்புக்கும் தடை. எங்கள் வீட்டில் அம்மா இரண்டு இரவு விளக்குப் போட விடவில்லை.

நாங்கள் சாமான் வாங்கும் கடையும் எரிந்தது. கடைக்கார நானா மாதச் சம்பளம் வரும்வரை கடன் தருவார். நீல மட்டைக் கொப்பியில் ஆளுக்கொரு பக்கம். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் அதில் ஏறும். கொப்பியும் கடையோடு போய்விட்டது.

ஒன்றுகூடலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சோத்துப் பார்சல் நேரத்துக்கு வந்தது. அந்த ஒக்டோபரில் உரோமையில் இளைஞரைப் பற்றி ஆயர் மாமன்றம் கூடவிருந்தது. அதற்கு முன்னோட்டமாக மார்ச் 19 முதல் 24 வரை சுமார் முந்நூறு இளைஞரை அங்கே அழைத்து, வெட்கப்படாமல் மனத்தில் உள்ளதைப் பேசும்படி பாப்பரசர் பிரான்சிஸ் கேட்டிருந்தார். திகனவில் கரி இன்னும் ஆறாத நாட்கள் அவை. ஆகவே எங்கள் ஒன்றுகூடலிலும் இளைஞருக்குச் செவிமடுப்பதுதான் பொருள். காலை எட்டரையிலிருந்து மாலை நாலு மணி வரை நாங்கள் செவிமடுத்தோம். சிங்களத்தில் நாற்பது நிமிடம் பேசியதைத் தமிழில் நாலு நிமிடத்தில் முடித்துவைத்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள் பின்வரிசையில் இருந்தோம். சுருக்கம் எங்களுக்குப் பழக்கம்தான்.

புனித யோசேவாஸ் அடிகளின் கதையை மட்டும் ஒருவர் மிக நன்றாகச் சொன்னார். 1692இல் ஒற்றன் என்ற சந்தேகத்தில் கண்டியில் சிறைவைக்கப்பட்டவர். கோவாவிலிருந்து வந்து, தமிழும் சிங்களமும் படித்தவர். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, சனம் ஊரை விட்டு ஓடியபோது, கைவிடப்பட்டவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டிக் கஞ்சி கொடுத்தவர். அவர்கள் என்ன மதம் என்று பார்க்கவில்லை. இந்த இடத்தில் மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

பகலுக்குப் பிறகு குழு வேலை. சமாதானத்துக்காக இளைஞர் என்ன செய்யலாம் என்பது கேள்வி. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று மார்க்கரை என்னிடம் தந்தார்கள். செபம், மன்னிப்பு, தியாகம் என்று வரிசையாக எழுதினேன். ஒரு பிள்ளை மெதுவாக, "திகனவில எரிஞ்ச கடைக்காரங்களப் போய்ப் பாக்கலாம்தானே?" என்றாள். குழுத் தலைவர் சிரித்தபடி, "தங்கச்சி, அரசியல் வேணாம்" என்றார். நான் மார்க்கரின் மூடியைப் போட்டேன். பூசையில் சிரியாவுக்காக மன்றாடினோம்.

அந்தத் தலைவரைக் குற்றம் சொல்லிவிட்டு நான் நழுவுவது நியாயமில்லை. மலையகத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு எரிந்த வாசம் பாட்டி சொன்ன கதையிலேயே வந்துவிடும். 1977இல் ஒரு தடவை, 1983இல் ஒரு தடவை அவர் லயத்தை விட்டு ஓடியவர். ஆகவே எங்களுக்கு விளங்காமல் இல்லை. மற்றவர்களைவிட நன்றாக விளங்கியது. மார்ச் 5 இரவு இருட்டில் உட்கார்ந்திருந்தபோது பயத்துக்கு அடியில் எனக்குள் இன்னொன்றும் இருந்தது: இந்தத் தடவை நாங்கள் இல்லை என்ற நிம்மதி. அதைப் பாவசங்கீர்த்தனத்தில் இதுவரை சொன்னதில்லை. எந்தக் கட்டளையின் கீழ் சொல்வது என்று தெரியவில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் பூசைக்கும் ஆராதனைக்கும் போன சனத்தின் நடுவில் குண்டு வெடித்தது; ஹோட்டல்களிலும் வெடித்தது. இறந்தவர்கள் 250க்கு மேல். அடுத்த ஞாயிறு கோயில்களில் பூசை இல்லை. கர்தினால் வைத்த பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த வாரத்தில் ஒரு நாள் பால்மா வாங்கப் போனேன். நானா கடையைத் திரும்பக் கட்டித் திறந்து அப்போது எட்டு மாதம். குண்டு வைத்தவர்கள் முஸ்லிம்கள் என்பதால் இரண்டாம் தடவையும் எரியுமோ என்று அரைக்கதவு சாத்தி வைத்திருந்தார். என்னைக் கண்டதும் வெளியே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்கட ஆக்களுக்கு ஒண்டும் இல்லயே மகன்?"

இல்லை என்றேன். அதற்கு முந்தின வருஷம் இந்தக் கேள்வியை அவரிடம் நான் கேட்கவில்லை. எங்கள் இருபத்தெட்டுப் பேரில் ஒருவரும் கேட்கவில்லை. மண்டபத்திலிருந்து அவர் கடை கிட்டத்தட்ட இருபது நிமிட பஸ் தூரம். 2020 மே மாதத்தில் முகநூல் நிறுவனம்கூட திகனக் கலவரத்தில் தன் பங்குக்காக மன்னிப்புக் கேட்டது.

கடை திறந்தபோது நானா புதுக் கொப்பி போட்டார். எங்கள் பக்கம் பூச்சியத்திலிருந்து தொடங்கியது. பழைய கணக்கை அவர் கேட்கவில்லை. "இப்ப போய்ச் சொன்னா அந்த மனுசனுக்குத்தான் கஷ்டம்" என்றார் அம்மா. மறந்துபோய்ச் சொன்னதல்ல. நாலாயிரத்து இருநூற்று எழுபது ரூபாய். இன்றும் கேட்டால் சதம் பிசகாமல் சொல்வார்.